ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே வாக்கர்

நம் சங்கத்து ஆண்டு மலரில் பெரியோர் ஒருவருடைய வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. புலவர், விடுதலை வீரர், இசைவாணர் எனப் பலரைப் பற்றியும் முன்னைய மலர்களில் அன்பர்கள் எழுதியுள்ளனர். இம்முறை நாம் எடுத்துக்கொண்டவர் தமிழரல்லர், இந்தியரும் அல்லர். நம் குடியிருப்பில் எவரும் ஆடாததும், மிகச் சிலரே தொலைக்காட்சியில் கண்டதுமான பேஸ்பால் என்னும் ஆட்டத்தில், வலது வெளிக்களத்தில் நின்று 18 ஆண்டுகள் பந்து பிடித்தவர் அவர். இவருக்கும் நமக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். பிழைப்பின் பொருட்டுத் தம் மண்ணை விட்டு நெடுந்தொலைவு சென்று, தம் மொழி வழங்காத ஊரில் வாழ்ந்து, ஆண்டுதோறும் வேலை முடிந்ததும் தம் ஊருக்குத் திரும்பியவர் அவர் என்பதை மட்டும் இப்போது சொல்லிவைப்போம்.

அவருடைய முழுப் பெயர் ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே வாக்கர். ஸ்பானிய மக்களின் வழக்கப்படி முதலில் வருவது பிள்ளைக்கு இட்ட பெயர். அடுத்தது தந்தைவழிப் பெயர். இறுதியில் நிற்பது தாய்வழிப் பெயர். ஆகவே அவரைக் கிளெமென்ட்டே என்று அழைத்தலே முறையாகும். இதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது. பெயர்த் தொல்லை நம்மவர்க்குப் புதிதன்று. தந்தையார் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துக்கொள்ளும் நம் முறை இப்பக்கத்து அலுவலகங்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. குடும்பப் பெயர் யாது என்று கேட்பர். அப்படி ஒன்று இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். நமக்கே, பணியில் சேர்ந்த புதிதில், ஓர் ஏட்டில் தந்தையார் பெயர் நம் பெயராகப் பதிவாகிவிட்டது. காலஞ்சென்ற அவர் பெயரால் நாம் 9 ஆண்டுகள் சம்பளம் வாங்கினோம். அதைத் திருத்த நாம் எழுதிய விண்ணப்பங்கள் ஒரு கோப்பு நிறைய உண்டு. கிளெமென்ட்டேயின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது, அவருடைய வீரத்தினும் முன்னதாக நம் கண்ணில் பட்டது இந்தப் பெயர்ச் செய்தியே என்பதை மறைக்காமல் கூறிவிடுகிறோம்.

கரீபியன் கடலில் புவெர்ட்டோ ரிக்கோ என்றொரு தீவு உள்ளது. நெடுங்காலம் ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்த அத்தீவு 1898-ஆம் ஆண்டுப் போரின் முடிவில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கைக்கு மாறிற்று. 1917-ஆம் ஆண்டு அத்தீவினர் அமெரிக்கக் குடிமக்களாக ஆக்கப்பட்டனர். எனினும் அவர்கள் வீட்டில் பேசுவது ஸ்பானிய மொழி. பாடுவதும் அழுவதும் அம்மொழியிலேயே. அத்தீவில் கரோலினா என்னும் ஊரையடுத்த சிற்றூரில், 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் ரொபெர்ட்டோ பிறந்தார். தந்தையார் மெல்சோர் கிளெமென்ட்டே கரும்புத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். தாயார் லூயிசா வாக்கர். குடும்பத்தில் இவரே கடைக்குட்டி. வறுமை என்று சொல்வதற்கில்லை. ஆனால் வேண்டிய பொருளை வேண்டிய அன்றே வாங்கித் தரும் இல்லமும் அன்று. சிறுவர் ஒரு மிதிவண்டி கேட்டபோது, உழைத்து வாங்கிக்கொள் என்பதே தந்தையின் விடையாக இருந்தது. அண்டை வீட்டுக்குப் பாற்குடம் சுமந்து, காசு காசாகச் சேர்த்து, சில ஆண்டுகள் கழித்து அதை வாங்கினார் என்பர்.

பந்தும் மட்டையும் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் கொய்யாக் கிளையை வெட்டி மட்டையாக்கினர். கந்தலைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கினர். தகர டப்பாவையும் அடித்து ஆடினர். ரொபெர்ட்டோவின் கையில் எந்நேரமும் ஒரு ரப்பர்ப் பந்து இருக்கும். அதைப் பிசைந்துகொண்டும் சுவரில் எறிந்து பிடித்துக்கொண்டும் இருப்பார். பள்ளியில் ஈட்டி எறிதலிலும் பெயர் பெற்றார். பின்னாளில் உலகம் வியந்த அவருடைய கைவலி­மைக்கு அந்த ஈட்டியே வித்து என்று கருதுவோர் உண்டு. குளிர்காலங்களில் அமெரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்கள் அத்தீவுக்கு வந்து ஆடுவது வழக்கம். அவர்களுள் மாண்ட்டி இர்வின் என்னும் கறுப்பின வீரர் சிறுவருடைய உள்ளங்கவர்ந்தவர். அவருடைய பையைச் சுமந்துகொண்டு கட்டணமின்றி ஆட்டக்களத்துள் நுழைந்ததும் உண்டு என்று கூறுவர். இந்த இர்வினையும் வாசகர்கள் மறவாதிருக்க வேண்டும்.

இனி அந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூறாவிடில் மேலே சொல்வது விளங்காது. கிரிக்கெட்டைப் போலவே பேஸ்பாலிலும் ஒருவர் எறிய ஒருவர் அடிக்கிறார். ஆனால் பந்து தரையில் படாமலே வரும். மட்டையோ உலக்கை போல் உருண்டையானது. களத்தின் ஒரு மூலையில் 90 அடிக்கு ஒன்றாக நான்கு தளங்கள் சதுரமாக அமைந்திருக்கும். அடித்தவர் அவற்றைச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்திற்கே மீண்டால் ஓர் ஓட்டம். பிறர் பிழையாலன்றித் தம் அடியின் வலிமையால் ஒருவர் தளம் சேர்ந்தால் அது ஒரு ஹிட். பந்து கடினமாகவும் விரைவாகவும் வருமாதலின், 1000 முறைக்கு 300 முறை ஹிட் அடிப்பவரே சிறந்த மட்டையாளர் எனப்படுவார், அதையே.300 என்று எழுதுவர். தளங்களுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் புல்வெளியைக் காப்பவர் மூவர். அவர்களே வெளிக்களத்தார். அவருள் வலப்பக்கம் நிற்பவருக்கு ஒரு தனிச் சுமை உண்டு. மூன்றாம் தளம் அவருக்கு மிகத் தொலைவிலுள்ளது. முதல் தளத்தில் நிற்கும் எதிரி, பந்து வலப்பக்கம் சென்றதைக் கண்டால், இரண்டாம் தளத்தில் நில்லாமல் மூன்றாவதற்கே ஓடத் துணிவான். அவனைத் தடுக்க வல்லது வலது வெளிக்களத்தாரின் எறி ஒன்றே. கிளெமென்ட்டே அங்கு நின்ற நாட்களில் பலர் ஓடத் துணியவில்லை. ஓடியிருந்தால் வீழ்ந்திருப்பர், ஓடாதவர்களுக்கோ கணக்கில்லை. ஏட்டில் ஏறாத வேலை என்பது இதுதான். இரயில்வே எழுத்தர்களாகிய நமக்கு இதன் பொருள் நன்கு தெரியும்.

1952-ஆம் ஆண்டு, பள்ளி மாணவராக இருந்தபோதே, அத்தீவின் சாந்தூர்ஸே அணி அவரை வாரம் 40 டாலருக்கு அமர்த்திக்கொண்டது. அமெரிக்காவின் பெரிய அணிகளில் கறுப்பினத்தார்க்கு இருந்த தடையை ஜாக்கி ராபின்சன் 1947-இல்தான் உடைத்திருந்தார். அந்த ராபின்சனுடைய அணியாகிய புரூக்ளின் டாட்ஜர்ஸே 1954-ஆம் ஆண்டு பிப்ரவரியில், 19 வயதான கிளெமென்ட்டேக்கு 5,000 டாலர் சம்பளமும் 10,000 டாலர் முன்பணமும் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. ஆனால் தலைமை அணியில் சேர்க்காமல், கனடாவின் மாண்ட்ரியாலில் இருந்த தன் கீழணிக்கு அனுப்பிற்று. அக்காலத்து விதி ஒன்றுண்டு: 4,000 டாலருக்கு மேல் முன்பணம் பெற்ற புதியவரைத் தலைமை அணியில் வைத்துக்கொள்ளாவிடில், ஆண்டு முடிவில் வேறு அணி அவரை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பிறர் கண்ணில் படாதிருக்கவே அவரை ஆடவிடாமல் உட்கார வைத்தனர் என்று பலரும் எழுதியுள்ளனர். அப்படியன்று என்று மறுத்தவர்களும் உள்ளனர். குளிரும் பிரெஞ்சு மொழியும் நிறைந்த நகரில், ஏன் ஆட விடவில்லை என்று கேட்கவும் தெரியாமல் ஓர் இளைஞர் பலகையில் அமர்ந்திருந்தார் என்பது மட்டும் மெய். வேறோர் ஆட்டக்காரரைப் பார்க்க வந்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் கிளைட் சுக்ஃபோர்த் என்பவர், பயிற்சியின்போது இவ்விளைஞர் எறிந்த எறியைக் கண்டு வியந்தார். 1954 நவம்பரில் பிட்ஸ்பர்க் அவரை எடுத்துக்கொண்டது. ஒளித்து வைத்த பொருள் இவ்வாறு கைமாறிற்று.

அவ்வாண்டின் கடைசி நாட்களில் ஒரு துன்பம் நேர்ந்தது. மூளையில் கட்டியால் இறக்கும் நிலையிலிருந்த தமையனாரைப் பார்த்துத் திரும்பும்போது, குடித்துவிட்டு வண்டியோட்டிய ஒருவன் இவருடைய காரில் மோதினான். முதுகெலும்பின் தட்டுகள் பிசகின. தமையனாரும் இறந்தார். அந்த முதுகு வலி ஆயுள் முழுதும் அவரை விடவில்லை. மட்டை பிடிக்கும்முன் கழுத்தை இப்புறமும் அப்புறமும் முறுக்கி நெளித்துக்கொள்வது அவர் வழக்கம். அதைக் கண்டு நகைத்த பத்திரிகையாளர்கள் பலர்.

பிட்ஸ்பர்க் ஓர் இரும்பாலை நகரம். இரண்டு ஆறுகள் கூடி மூன்றாவது ஆறாக ஓடும் முக்கூடலில் அமைந்தது. 1955-இல் அவர் அங்கு சென்றபோது அந்த அணி எட்டு அணிகளுள் கடைசியில் கிடந்தது. முதலில் 13-ஆம் எண் சட்டையை அணிந்தார். பின்னர் 21-ஆம் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தம் முழுப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி எண்ணிப் பார்க்க 21 எழுத்துகள் வந்தனவாம். தாய் தந்தையர் இருவர் பெயரையும் முதுகில் சுமக்க அவர் கண்ட வழி அது.

அந்நகரில் அவருக்கு இரு வேலிகள் இருந்தன. நிறத்தால் கறுப்பர், மொழியால் அயலார். வெள்ளையர் அவரைக் கறுப்பரென ஒதுக்கினர். கறுப்பின மக்களுக்கோ அவருடைய பேச்சு விளங்கவில்லை. ஆண்டுதோறும் பயிற்சிக்காக அணி புளோரிடாவுக்குச் செல்லும். வழியில் உணவு விடுதிகளில் வெள்ளை ஆட்டக்காரர்கள் உள்ளே சென்று உண்ண, கறுப்பின ஆட்டக்காரர்கள் பேருந்திலேயே காத்திருக்க வேண்டும். உள்ளே சென்றவர்கள் கொண்டுவந்து தருவதை உண்ண வேண்டும். புவெர்ட்டோ ரிக்கோவில் நிற வேறுபாடு இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டோம்; ஆயினும் இப்படிச் சட்டம் போட்டுப் பேருந்தில் உட்கார வைக்கும் வழக்கத்தை அவர் அறியார். அவ்வாறு வரும் உணவைத் தொடமாட்டேன் என்று மறுத்தார், பிறரையும் தொடவிடவில்லை. முடிவில் அவர்களுக்குத் தனி வண்டி ஒன்றை அணியினர் ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

பத்திரிகைகளும் வானொலியும் அவரைப் பாப் கிளெமென்ட்டே என்றன. ரொபெர்ட்டோ என்பது அமெரிக்க நாவுக்கு நீளமாக இருந்தது போலும். ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்டுச் சிறுவர்க்கு விற்கும் அட்டைகளில் 1957 முதல் 1969 வரை அந்தக் குறுக்கிய பெயரே இருந்தது. தம் பெயர் ரொபெர்ட்டோ என்று அவர் ஓயாமல் சொல்லிவந்தார். அதனினும் கொடியது ஒன்றுண்டு. ஆட்டம் முடிந்து அவர் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்வனவற்றைச் செய்தியாளர்கள் சிலர் ஒலிப்பிழையெல்லாம் கூட்டி, உளறலைப் போல அப்படியே அச்சிட்டனர். 1961-ஆம் ஆண்டு ஜூலையில், தேர்ந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பத்தாம் சுற்றில் வெற்றி ஓட்டத்தை அடித்துத் தந்தவர் இவர். மறுநாள் நாடு முழுதும் படித்தது அவருடைய அடியையன்று, அவருடைய உச்சரிப்பை. நாமும் இவ்வூருக்கு வந்த புதிதில் கடைத்தெருவில் பேசிய இந்தி இன்றும் நம் நண்பர்களுக்கு நகைச்சுவை விருந்தாக இருக்கிறது. நல்லவேளை, அதை எவரும் அச்சிடவில்லை.

1960-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் அணி உயர்ந்தெழுந்தது. இறுதிப் போட்டியில் எதிரே நின்றது நியூயார்க் யாங்கீஸ். ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து யாங்கீஸ் எடுத்த ஓட்டங்கள் 55. பிட்ஸ்பர்க் எடுத்தவை 27. ஆயினும் நான்கு ஆட்டங்களை வென்று பட்டம் பெற்றது பிட்ஸ்பர்க்கே. ஏழாம் ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் பில் மாசரோஸ்கி அடித்த ஹோம் ரன் அதைத் தந்தது. கிளெமென்ட்டே ஏழு ஆட்டங்களிலும் ஹிட் அடித்தார். அவ்வாண்டில் அவர் சராசரி.314, அவர் அடியால் வந்த ஓட்டங்கள் 94. ஆனால் ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று எழுத்தாளர்கள் வாக்களித்தபோது, அவருக்கு எட்டாம் இடமே கிடைத்தது. முதலிடம் அவருடைய அணித் தோழர் ஒருவருக்குச் சென்றது. முதலிடம் கிடைக்காததற்கு அவர் வருந்தவில்லை என்றும், எட்டாமிடம் என்பதே அவரைப் புண்படுத்திற்று என்றும் கூறுவர். அந்த வெற்றிக்கு அளித்த மோதிரத்தை அவர் அணிவதில்லை என்பதும் பலரறிந்த செய்தி.

இங்கு ஒன்று சொல்லவேண்டும். கிளெமென்ட்டே குறையற்றவர் அல்லர். சினம் மிகுந்தவர், சிறு சொல்லையும் நெடுநாள் மனத்தில் வைத்திருப்பவர். 1963-இல் ஒரு நடுவருடன் கைகலந்ததால் ஐந்து நாள் விலக்கி வைக்கப்பட்டார். எட்டாமிடச் செய்தியைப் பதினொரு ஆண்டுகள் சுமந்தார். பெருந்தன்மை உடையவர் இவற்றை மறந்திருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. ஆனால் நாள்தோறும் பெயரைத் திருத்திச் சொல்ல வேண்டிய மனிதனுக்கு, மறப்பது என்பது ஒப்புக்கொள்வதாகத் தோன்றியிருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

அந்தப் புண் அவர் மட்டையில் வெளிப்பட்டது. 1961-இல் .351, 1964-இல் .339, 1965-இல் .329, 1967-இல் .357 என நான்கு முறை தம் லீக்கின் சராசரிப் பட்டத்தை வென்றார். 1966-இல் 29 ஹோம் ரன்களும், 119 ஓட்டங்களுக்குக் காரணமான அடிகளும் கொடுத்து, சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். களக்காப்புக்கான தங்கக் கையுறை விருது 1961 முதல் 1972 வரை ஓராண்டும் தவறாமல் 12 முறை அவருக்கே கிடைத்தது. வெளிக்களத்திலிருந்து எறிந்தே 266 ஆட்டமிழப்புகளுக்கு வழி செய்தார். சுவரோரம் முழங்காலால் சறுக்கிப் பந்தை வாரியெடுத்து, எழும்போதே சுழன்று, குறி பார்க்க நேரமின்றி எறிவார். பந்து தாழப் பறந்து தளக்காவலர் கையுறையில் சென்று விழும். அதைக் காட்டும் பழைய படச்சுருள்கள் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆட்டம் விளங்காதவர்க்கும் அந்த எறி விளங்கும்.

1964-ஆம் ஆண்டு நவம்பரில் தம் ஊர்ப் பெண்ணாகிய வேரா சபாலாவை மணந்தார். மூன்று ஆண்மக்கள். பிட்ஸ்பர்க்கில் வீடிருந்தும், பேறுகாலம் நெருங்கியபோதெல்லாம் மனைவியைத் தீவுக்கே அனுப்பிவிடுவார். பிள்ளைகள் மூவரும் புவெர்ட்டோ ரிக்கோ மண்ணிலேயே பிறந்தனர். முதற்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் நமக்கு இது வியப்பளிக்காது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவருடைய அடக்கம் முடியும்வரை ஆடுவதில்லை என்று பிட்ஸ்பர்க் வீரர்கள் உறுதி பூண்டனர். அதில் முன்னின்றவர்களுள் கிளெமென்ட்டே ஒருவர். ஆண்டின் தொடக்க ஆட்டங்களே தள்ளி வைக்கப்பட்டன. 1971 செப்டம்பர் முதல் நாள், பெரிய லீக்கின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒன்பது பேரும் கறுப்பினத்தாரும் ஸ்பானிய நாட்டவருமாக அமைந்த அணி களமிறங்கிற்று. அது பிட்ஸ்பர்க் அணி. வலது வெளிக்களத்தில் நின்றவர் கிளெமென்ட்டே.

அவ்வாண்டு அக்டோபர் மாதமே அவருடைய வாழ்வின் உச்சி. இறுதிப் போட்டியில் பால்டிமோர் அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. அப்போது கிளெமென்ட்டேக்கு வயது 37. ஏழு ஆட்டங்களிலும் ஹிட் அடித்தார், சராசரி.414. கடைசி ஆட்டத்தில் ஒரு ஹோம் ரன் அடித்தார். 2-க்கு 1 என்ற கணக்கில் பிட்ஸ்பர்க் வென்றது. தொடரின் சிறந்த வீரர் என அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடெங்கும் ஒளிபரப்பாகும் தொலைக்காட்சியின் ஒலிவாங்கி அவர்முன் நீட்டப்பட்டது. அவர் ஆங்கிலத்தில் விடையளிக்கும்முன் இசைவு பெற்றுக்கொண்டு, முதலில் ஸ்பானிய மொழியில் தம் தாய் தந்தையரை விளித்துப் பேசி, அவர்தம் ஆசியை வேண்டினார். பத்தாண்டுகளுக்கு முன் அவருடைய மொழியை அச்சிட்டுச் சிரித்த நாடு, இப்போது அவர் தம் மொழியில் பேசி முடிக்கும்வரை காத்திருந்தது.

1972 செப்டம்பர் 30-ஆம் நாள், பிட்ஸ்பர்க்கில் ஏறத்தாழ 13,000 பேர் மட்டுமே கூடியிருந்த ஆட்டத்தில், நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜான் மேட்லாக் எறிந்த பந்தை அடித்து இரண்டாம் தளம் சேர்ந்தார். அது அவருடைய 3,000-ஆவது ஹிட். அதற்குமுன் அவ்வெண்ணை எட்டியவர் பத்துப் பேரே; இலத்தீன் அமெரிக்கர் எவருமிலர். முந்திய நாளே ஓர் அடியை ஹிட் என்று சிலர் கருத, கணக்கெழுதுபவர் அதைக் களத்தாரின் பிழை என்று பதிந்துவிட்டார். அதுவே 3,000-ஆவதாக நின்றிருந்தால் மறுநாள் அந்த ஐயமற்ற அடி 3,001 ஆகியிருக்கும். லீக் ஆட்டங்களில் அதற்குப்பின் அவர் மட்டை பிடிக்கவில்லை.

நவம்பரில் புவெர்ட்டோ ரிக்கோவின் தொழில்முறை சாராத அணிக்குப் பொறுப்பேற்று நிகராகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவுக்குச் சென்று சில வாரங்கள் தங்கினார். அங்கு கால்களை இழந்த ஒரு சிறுவனுக்குச் செயற்கைக் கால் பொருத்தவும் வழி செய்தார். ஊர் திரும்பிச் சில நாட்களே ஆயின. டிசம்பர் 23-ஆம் நாள் நள்ளிரவு கழிந்தபின் மனாகுவாவில் நிலம் நடுங்கிற்று. நகரம் இடிந்தது, பல ஆயிரம் பேர் மாண்டனர். கிளெமென்ட்டே கிறிஸ்துமஸ் விழாவை மறந்தார். நிதி திரட்டும் குழுவின் தலைமையை ஏற்று, வீடு வீடாகப் பொருள் சேர்த்து, விமானங்களில் அனுப்பினார். ஆனால் போய்ச் சேர்ந்த பொருள்களை அந்நாட்டை ஆண்ட சோமோசாவின் ஆட்கள் கைப்பற்றிக்கொள்கின்றனர் என்ற செய்தி வந்தது. தாமே உடன் சென்றால் கொள்ளையடிக்கத் துணியமாட்டார்கள் என்று அவர் நம்பினார். தம் எறிக்கு அஞ்சி ஓடாது நின்ற எதிரிகளைக் கண்டு பழகியவர் அல்லவா!

அவருக்கு வாடகைக்குக் கிடைத்தது பழைய டி.சி.-7 சரக்கு விமானம். 4,000 டாலர் கூலி. அம்மாதம் 2-ஆம் நாள்தான் அது தரையிலேயே ஓடிப் பள்ளத்தில் இறங்கிச் சேதமுற்றிருந்தது. அதன் எந்திரங்களை முறைப்படி சோதித்தவர் இல்லை. துணை விமானியாக அமர்ந்தவர் விமானத்தின் உரிமையாளர். அவ்வகை விமானத்தை ஓட்டத் தகுதிச் சான்று பெறாதவர். ஏற்றிய சுமையோ அளவுக்கு மேல் ஏறத்தாழ 4,200 பவுண்டு. இதைப் படித்தபோது நமக்கு உடல் நடுங்கிற்று. நம் சரக்குக் கொட்டகையில் ஒரு வாகனில் அளவுக்கு மேல் சில மூட்டை ஏறினாலும் இறக்கிவிட்டுத்தான் வண்டி நகரும். அச்சில் பழுதென்று சுண்ணக்கட்டியால் குறியிட்ட வாகனை எவரும் தொடமாட்டார். அங்கே நிறுத்து என்று சொல்லும் ஓர் எழுத்தர் இல்லாமற்போனாரே என்று ஏங்கினோம். 1972 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு 9.20 மணிக்கு, ஊர் புத்தாண்டை வரவேற்கக் காத்திருந்த நேரத்தில், விமானம் ஐவருடன் சான் ஹுவானிலிருந்து எழுந்தது. சில நிமிடங்களுக்குள் கரையை ஒட்டிய கடலில் விழுந்தது. விமானியின் உடல் மட்டும் கிடைத்தது. அணித் தோழர் மேனி சாங்கியென், நண்பருக்காக நடந்த இறுதி வழிபாட்டுக்கும் செல்லாமல், மூழ்குவோருடன் சேர்ந்து கடலடியில் தேடினார். கிளெமென்ட்டே கிடைக்கவில்லை. அவருக்கு வயது 38. விமானத்தைப் பறக்கவிடாமல் அரசின் விமானத்துறை தடுத்திருக்க வேண்டும் என்று குடும்பத்தார் தொடுத்த வழக்கில் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1977-இல் மேல் நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது.

நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ்மன்றம் உள்ளது. ஆட்டத்தை விட்டு ஐந்தாண்டுகள் கழித்தே ஒருவரை அங்கு சேர்க்கலாம் என்பது விதி. கிளெமென்ட்டேக்காக அவ்விதி தளர்த்தப்பட்டது. 1973 மார்ச்சில் நடந்த தனித் தேர்தலில் 424 வாக்குகளில் 393 அவருக்குக் கிடைத்தன. அவரை எட்டாமிடத்தில் வைத்த எழுத்தாளர் சங்கமே இம்முறையும் வாக்களித்தது. ஆகஸ்டு 6-ஆம் நாள் விழாவில் அவர் சார்பில் வேரா அம்மையார் மேடையேறினார். அன்று அதே மேடையில் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்ட மற்றொருவர் மாண்ட்டி இர்வின். சிறுவனாகத் தம் பையைச் சுமந்தவரோடு ஒரே நாளில் அவரும் இடம்பெற்றார்.

சுவரில் அவருக்கென வெண்கலப் பலகை பதித்தனர். அதில் ரொபெர்ட்டோ வாக்கர் கிளெமென்ட்டே என்று பொறித்திருந்தது. அமெரிக்க வழக்கப்படி தாய்வழிப் பெயரை நடுவே போட்டு, தந்தைவழிப் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டனர். ஆங்கில எழுத்துகளை எண்ணினால் அப்போதும் 21 தான் வரும். கூட்டுத்தொகை சரியாக இருக்க, வரிசை மட்டும் பிழையான கணக்குகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவைதாம் எளிதில் எவர் கண்ணிலும் படாதவை. 27 ஆண்டுகள் அப்பலகை அவ்வாறே தொங்கிற்று. 2000-ஆம் ஆண்டில் புதுப்பலகை வார்த்து, ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே வாக்கர் என்று முறைப்படி பொறித்து, பழையது இருந்த இடத்தில் மாட்டினர்.